சத்தம் போடாத கப்பல்

கிரைண்டருக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைக்கிற ஆம்பளையை எங்கேயாவது பார்த்ததுண்டா? திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஒருவன் இருந்தான். ஆண்டனிராஜ். கப்பல்காரன்.

லீவில் வந்தால் முதல் வேலை அதுதான். கிரைண்டர் காலுக்கு ரப்பர். தையல் மிஷினுக்கு ரப்பர். கதவு நிலைக்கும் ரப்பர். செருப்பை கேட்டிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவான். அடுப்படியில் நிற்கும் புஷ்பமேரி திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அவன் நிற்பான். "யேசுவே!" என்று அலறி அவள் எத்தனை கரண்டியை நழுவவிட்டிருப்பாள்! கரண்டி தரையில் விழுமுன் பிடிப்பதிலும் அவன் கெட்டிக்காரன்.

பேச்சும் கம்மி. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்தால் 'செத்த நேரம் பொறு'. ஒற்றை விரலைத் தூக்கினால் 'சத்தம் கூடாது'. விரலை வட்டமாகச் சுழற்றினால் 'சரி, ஆகட்டும்'.

"நான் வாக்கப்பட்டது மனுசனுக்கா, டிராபிக் போலீசுக்கா?" என்று புஷ்பமேரி கேட்பாள். அதற்கும் ஒற்றை விரல்தான் பதில்.

வீட்டு முன்னறையில் அவள் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். அந்தத் தெருவின் புருஷன்மார் எல்லாரும் துபாயிலிருந்தும் சூரத்திலிருந்தும் அவள் போனில்தான் குடும்பம் நடத்தினார்கள். அவள் புருஷன் மட்டும் மாசக்கணக்கில் கிணற்றில் போட்ட கல்.

"எங்க போயிருந்தீங்க?"

"கடலுக்கு."

"எந்தக் கடலு?"

"தண்ணி உள்ள கடலு."

அவர்களுக்குக் கல்யாணமான ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில்தான் 'ஷ்ரவண்' என்ற அந்தக் கப்பலும் கடற்படையில் சேர்ந்தது. சாம்பல் நிறம். கண்காணிப்புக் கப்பல் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது, போட்டோகூடக் கிடையாது. ரெண்டாயிரத்து ஒன்றில் கடற்படை அதைக் கடல் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். 'சமுத்ர தீபிகா' என்று பேரை மாற்றினார்கள். ஆண்டனிராஜுக்கும் பென்ஷன் வந்தது. மனுஷன் இனி வீட்டோடு இருப்பான் என்று அவள் நினைத்திருக்க, அவனோ சாதாரண ஊழியனாகக் கையெழுத்துப் போட்டு அதே கப்பலில் போய் ஏறிக்கொண்டான்.

பென்ஷன் வாங்கினவனுக்கு அந்தக் கப்பலில் அப்படி என்ன ஒட்டுதல்?

அவள் தம்பி ஜெரோம் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் தட்டில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னான். "அக்கா, விசாகப்பட்டினத்துல மச்சானுக்கு இன்னொரு எஸ்.டி.டி. பூத் இருக்கும்போல!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த முள் உள்ளே தங்கிவிட்டது. சத்தமில்லாமல் வருகிறவன், சொல்லாமல் போகிறவன், கேட்டால் விரலைத் தூக்குகிறவன். இவனை எதை வைத்து நம்புவது?

ரெண்டாயிரத்து மூன்று கோடையில், ஒரு நாள் காலை, அந்த முள் வெளியே வந்தது. கிரைண்டருக்கு அடியிலிருந்த ரப்பரை எல்லாம் பிடுங்கி வாசலில் வீசினாள்.

"இது என் வீடு. சத்தம் போடத்தான் செய்யும்!"

சுவிட்சைத் தட்டினாள். கிரைண்டர் தடதடவென்று குதித்தது. அந்தத் தடதடப்புக்கு மேலே பூத்தில் போன் மணி அடித்தது.

முகமது பாரூக். ஜெரோமின் தொழில் கூட்டாளி. இருவரும் சேர்ந்து கிணற்றுக்குள் சைடு போர் போடும் மெஷின் வைத்திருந்தார்கள். கிணற்றின் அடியில் பாறையைப் பக்கவாட்டில் துளைத்து ஊற்றுக்கண்ணைத் தேடுகிற வேலை. மூன்று வருஷமாக மழை பொய்த்ததில் குஜிலியம்பாறை வட்டாரத்தில் அவர்களுக்கு ஓயாத வேலை.

"அக்கா..." என்றான் பாரூக். "உங்கம்மா கிணத்துல ஜெரோமு இறங்குனான்க்கா. மண்ணு சரிஞ்சிருச்சு. ஆளு உள்ள இருக்கான்."

*

குஜிலியம்பாறைப் பக்கம் அம்மா ஊருக்குப் போகும் வாடகைக் கார் எரியோட்டைத் தாண்டியது. புஷ்பமேரி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஆண்டனிராஜ் மடியில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தம்பி உசுருக்குப் போராடுறான். நீங்க பொட்டியத் தூக்கிட்டு வாரீங்க! அப்படி என்ன இருக்கு அதுல?"

"காது."

"என்னது?"

"தண்ணிக்குள்ள கேக்குற காது. கப்பல்ல இருந்து சின்னாளபட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டாந்தேன்." பெட்டியைத் தடவினான். பிறகு, கல்யாணமான நாள் முதல் அவள் கேட்டறியாத நீளத்துக்குப் பேசினான்.

"ஷ்ரவணுக்கு வேகம் கிடையாது மேரி. பீரங்கி கிடையாது. மத்த கப்பக்காரன் பூராம் கட்டைவண்டின்னு கேலி பேசுவான். ஆனா அதுக்குப் பின்னால ஒரு கேபிள் போகும் பாரு... பஸ் ஸ்டாண்டுல தலைன்னா செட்டிநாயக்கன்பட்டியில வாலு. கேபிள் முழுக்கக் காது. கண்ணுக்குத் தெரியாம தண்ணிக்கடியில ஒருத்தன் போவான். அவன் போற சத்தத்தைக் கேக்கணும். நாம சத்தம் போட்டா அவன் சத்தம் கேக்குமா? அதான் இன்ஜினுக்கடியில ரப்பர். கதவுக்கு ரப்பர். சமையக்கட்டுல தேங்கா உடைக்கக் கூடாது."

"தேங்காகூடவா?"

"ஒருத்தன் உடைச்சான். ஒரு வாரம் வெஞ்சனம் இல்லாமச் சோறு போட்டாரு கேப்டன்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

"புயல் வந்தா மத்த கப்பல் கரைக்கு ஓடும். இது ஓடாது. அலைக்கு மூக்கைக் காட்டிக்கிட்டு அப்படியே நிக்கும். நாங்க உள்ள கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்போம். ஒரு தடவைகூட எங்களைக் கைவிடல. ஆராய்ச்சிக்காரங்க அதை எதுக்குக் கேட்டு வாங்குனாங்க தெரியுமா? அந்த அமைதிக்குத்தான். வேவு பாத்த அறையில இப்பக் கடத்தண்ணிய பாட்டில்ல வச்சு ஆராயுறாங்க. அது பக்கத்துல போனாத் திமிங்கலம்கூட விலகி ஓடாது. அது பாட்டுக்குக் குட்டியோட பேசிக்கிட்டு இருக்கும். அப்படி ஒரு கப்பலை எப்படி விட்டுட்டு வர?"

"இதைச் சொல்ல இத்தனை வருசமா?"

"நேவியில இருந்தவரைக்கும் சொல்லக் கூடாது."

"அப்புறம் ரெண்டு வருசம்?"

ஆண்டனிராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "பழகிருச்சு."

*

கிணற்றடியில் திருவிழாக் கூட்டம். தீயணைப்பு வண்டி நின்றது. ஆயில் இன்ஜின் 'தடக் தடக்' என்று கிணற்றுத் தண்ணீரை வெளியே கக்கிக்கொண்டிருந்தது. ஆபத்து என்றால் மாதா கோயில் மணியை விடாமல் அடிப்பது அந்த ஊர் வழக்கம், மணி அடித்துக்கொண்டிருந்தது. மணிச் சத்தம் கேட்டு வந்த சனம் கிணற்றைச் சுற்றி முழங்கால் போட்டு, அம்மா ஆரோக்கியம்மாள் முன்னால் சொல்ல, உரத்த குரலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. ஜெரோமுக்குக் கேட்க வேண்டும், அவன் தெம்பாக இருக்க வேண்டும் என்று தொண்டை கிழியச் சொன்னார்கள்.

தீயணைப்பு அதிகாரி நிலைமையைச் சொன்னார். கிணற்றின் அடியில் கிழக்கே ஒரு பொந்து, மேற்கே ஒரு பொந்து. ரெண்டும் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் குடைந்தவை. ஜெரோம் ஏதோ ஒன்றில் நுழைந்தபோது மேல்மண் சரிந்து ரெண்டு வாயையும் மூடிவிட்டது. அந்த நேரம் பாரூக் மேலே கம்ப்ரசருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். எந்தப் பொந்து என்று யாருக்கும் தெரியாது.

"ஒரு பக்கம் தோண்டினா அந்த மண்ணு அடுத்த பக்கத்து மேலதான் விழும். தப்பான பக்கம் கை வச்சா..." அதிகாரி முடிக்கவில்லை. "அவனோட வாளி மேற்குப் பக்கம் கிடக்கு. அதனால மேற்கே தோண்டச் சொல்லியிருக்கேன்."

கடப்பாரையோடு வீரர்கள் கயிற்றில் இறங்கத் தயாராக நின்றார்கள்.

"சார், செத்த பொறுங்க" என்றான் ஆண்டனிராஜ். "கேட்டுட்டுத் தோண்டுவோம்."

"யாரைக் கேக்கணும்?"

"ஜெரோமை."

பெட்டியைத் திறந்தான். கேபிளின் நுனியில் முருங்கைக்காய் நீளத்துக்கு ஒரு கறுப்பு உருளை. மறுநுனியில் ஹெட்போன். தண்ணீரிலும் பாறையிலும் ஓடுகிற சின்னச் சத்தத்தைக்கூட அது பிடிக்கும் என்றான். ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டால், எங்கே கூடுதலாகக் கேட்கிறதோ அங்கே ஆள். ஆனால் ஒன்று. ஆயில் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

அதிகாரி திகைத்தார். "நிறுத்தினா ஊத்துத் தண்ணி ஏறும் சார். பொந்துல இருக்குறவன் முங்கிருவான். யாரு பொறுப்பு?"

"மருமகனே, வேணாம்யா!" ஆரோக்கியம்மாள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "எம் புள்ளையத் தண்ணியில அமுக்கிறாதீங்க!"

கூட்டம் கசகசவென்று பேசியது. யாரோ, "கப்பல்காரருக்கு வெளையாட்டா இருக்கு" என்றார்கள். எல்லார் கண்ணும் புஷ்பமேரி மேல் வந்து நின்றது. பெரியவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எதை வைத்து இவனை நம்புவது என்று இத்தனை நாளாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அதே கேள்வி தம்பியின் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது.

புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கெஞ்சவில்லை, வாதாடவும் இல்லை. உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்தான். செத்த நேரம்.

புயலில் ஓடாமல் நின்ற கப்பல் அவள் கண்முன் வந்தது.

"இன்ஜினை நிறுத்துங்க" என்றாள்.

அதிகாரி கிணற்றுச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார். "அந்தக் கல்லு முங்கினா நான் யாரையும் கேக்க மாட்டேன். இன்ஜினைப் போட்டுருவேன்."

இன்ஜின் இருமி அடங்கியது. ஒருவன் கோயிலுக்கு ஓடினான், மணியும் நின்றது. ஜெபமாலைச் சத்தம் மட்டும் இன்னும் பெரிதாகக் கேட்டது.

"அம்மா, நிறுத்தச் சொல்லு."

"ஜெபத்தையாடி நிறுத்தச் சொல்ற?" ஆரோக்கியம்மாளின் கண் சிவந்தது. "நீ கும்புடுற சாமி வேறயா?"

"நிறுத்த வேணாம்மா. வாய்க்குள்ள சொல்லு. மாதாவுக்கு உதடு அசைஞ்சாலே கேக்கும். இந்த மனுசனுக்கு அப்படிக் கேக்காதே!"

ஆரோக்கியம்மாள் மகளை வெறித்துப் பார்த்தாள். பிறகு ஜெபமாலையை இறுக்கிப் பிடித்து வாயை மூடிக்கொண்டாள். சனம் முழுக்க ஒவ்வொருவராக அடங்கினார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன.

ஒரு வீரர் உருளையோடு அடியில் இறங்கினார். ஆண்டனிராஜ் மேலே ஹெட்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்தான். கையை உயர்த்தினான். கீழே இருப்பவருக்கு அவன் தெரியவில்லை. புஷ்பமேரி விளிம்பில் முட்டி போட்டு, அவன் ஜாடையை அப்படியே தன் கையில் காட்டினாள். ஒரு ஜாடைக்கும் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முதலில் மேற்கு.

ஆண்டனிராஜின் புருவம் நெரிந்தது. "தட்டுற சத்தம் கேக்குது."

"மேற்குதானே? நான் சொல்லல?" அதிகாரி எழுந்துவிட்டார்.

ஒற்றை விரல். சத்தம் கூடாது.

"மனுசன் தட்டுறது இல்ல. இம்புட்டு ஒழுங்கா, களைக்காம எவனும் தட்ட மாட்டான்." கண்ணைத் திறந்தான். "எங்கயோ மோட்டார் ஓடுது."

கூட்டத்துக்குள்ளிருந்து சோலைமலை முன்னால் வந்தார். பக்கத்துத் தோட்டத்து விவசாயி. அவருடைய சின்ன வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. மும்முனை மின்சாரம் வருகிற கொஞ்ச நேரத்தில்தான் அதற்குத் தண்ணீர்.

"என் மோட்டாருதான் தாயி. என்னது மட்டுமில்ல, ஊரு பூரா இந்நேரம் ஓடும். ஒவ்வொரு தோட்டமா ஓடி நிறுத்த நேரம் ஏது?" துண்டை இடுப்பில் கட்டினார். டிரான்ஸ்பார்மர் இருந்த பக்கம் ஓடினார்.

"கைப்பிடியத் தொட்டா கரண்டு ஆபீசுல கேசு போடுவாக!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"போட்டா வந்து பாக்குறேன், போ!"

ஊருக்கே கரண்டை நிறுத்துகிற கம்பத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார் சோலைமலை. 'டக்'. தூரத்து மாரியம்மன் கோயில் குழாய் ரேடியோ பாட்டின் நடுவில் செத்தது. ரைஸ் மில் நின்றது. ஒவ்வொரு தோட்டமாக ஊமையானது. அப்போதுதான் தெரிந்தது, அதுவரை எத்தனை சத்தம் இருந்ததென்று. காய்ந்த காடு, கரிந்த சோளத்தட்டை, வாய் மூடிய சனம். எல்லாம் சேர்ந்து நடுக்கடலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே கப்பலாகிவிட்டது.

ஷ்ரவணின் ஆள் மறுபடி கண்ணை மூடினான்.

மேற்கில் எதுவும் இல்லை.

உள்ளங்கை மெல்லக் கிழக்கே நகர்ந்தது. புஷ்பமேரியின் கையும் நகர்ந்தது. கீழே வீரர் இடுப்பளவுத் தண்ணீரில் உருளையைக் கிழக்கு ஓரத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கல்லின் பாதம் நனைய ஆரம்பித்திருந்தது.

"ஏதோ கேக்குது." ஆண்டனிராஜ் ஹெட்போனின் ஒரு காதை அவளிடம் திருப்பினான். அவன் குரலில் முதல் தடவையாகச் சந்தேகம். "சொட்டுத் தண்ணியாவும் இருக்கலாம் மேரி. எனக்குக் கடல்சத்தம்தான் பழக்கம். கிணத்துச் சத்தம் புதுசு."

அவள் காதை வைத்தாள். மணல் நழுவும் சரசரப்பு. ஒரு குமிழி. பிறகு, வெகுதூரத்தில்...

டங். டகடங். டங். டகடங்.

சோறு வரத் தாமதமானால் தட்டில் விரலால் தட்டுவானே, அதே தாளம். சின்ன வயதிலிருந்து அதற்காக எத்தனை குட்டு வாங்கியிருக்கிறான்!

"சொட்டுத் தண்ணி இல்லைங்க." அவள் கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது. குரல் மட்டும் எழும்பவில்லை. "அந்தப் பய சோத்துக்குத் தாளம் போடுறான். கிழக்கு."

ஆண்டனிராஜ் அவளையே பார்த்தான். விரலை வட்டமாகச் சுழற்றினான். சரி, ஆகட்டும்.

கல் முங்கியது. அதிகாரி கத்தினார். "இன்ஜினைப் போடுங்கடா! எல்லாரும் கிழக்கே தோண்டுங்க!"

*

மண்ணைக் குடைந்து உள்ளே போன வீரரின் கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டது. ஜெரோமைக் கயிற்றில் கட்டி மேலே கொண்டுவந்தபோது தலையிலிருந்து கால்வரை செம்மண். ஒரு கையில் இன்னும் சுத்தியல். ஆரோக்கியம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு, அடக்கி வைத்த ஜெபத்தையெல்லாம் ஊர் அதிரச் சொல்லித் தீர்த்தாள். இப்போது அவளை யாரும் தடுக்கவில்லை.

பாரூக் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு ஜெரோம் இருமினான்.

"முதல்ல நானும் கத்துனேன், தட்டுனேன். மேல ஒரே இரைச்சலு. எவனுக்குக் கேக்கும்னு விட்டுட்டேன். திடீர்னு இன்ஜினு நின்னுருச்சு. மணி நின்னுச்சு. ஜெபங்கூட நின்னுச்சு. சரி, நாம செத்துட்டோம்போலன்னு நெனச்சேன்." அக்காளின் பின்னால் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்தான். "அப்புறம்தான் தோணுச்சு. எங்கம்மா வாயவே மூட வச்சிருக்காகன்னா மச்சான் வந்துட்டாருடான்னு. சுத்தியலை எடுத்துட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புஷ்பமேரி தம்பியின் மண் அப்பிய தலையில் ஒரு குட்டு வைத்தாள். "விசாகப்பட்டினத்துல இன்னொரு பூத் இருக்குன்னு சொன்ன வாயி இது!"

சோலைமலை கேபிளைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இம்புட்டு வருசமா கடலுக்குள்ள எதைத்தான் கேட்டீக தம்பி?"

"அது இப்பவும் சொல்லக் கூடாதுண்ணே."

*

லீவு முடிந்து அவன் கப்பலேறினான். வழியனுப்பிவிட்டு வந்த அன்றே புஷ்பமேரி பழைய டியூப் ஒன்றை வாங்கிவந்து கிரைண்டரின் காலுக்கு அளவெடுத்து வெட்டினாள்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் பூத்தில் போன் அடித்தது. "அலோ" என்றாள். பதில் இல்லை. மறுபடி "அலோ" என்று கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கண்ணாடிக் கதவைச் சாத்தி, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ஆழத்திலிருந்து நீளமாக ஒரு முனகல் எழுந்தது. இறங்கியது. அதற்குச் சின்னதாக இன்னொரு குரல் பதில் சொன்னது. திமிங்கலத் தாயும் குட்டியும். அவற்றுக்கு மேலே, அவற்றைக் கலைக்காமல், வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு கப்பல் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கப்பலின் சத்தம் மட்டும் துளிகூடக் கேட்கவில்லை.

துபாய்க்குப் பேசக் காத்திருந்த பெண் பொறுமையிழந்து கதவைத் திறந்தாள். "யாருக்கா போன்ல?"

"எங்க வீட்டுக்காரரு."

"நீங்களும் பேசல, அவரும் பேசுற மாதிரி தெரியலையே?"

புஷ்பமேரி ஒற்றை விரலைத் தூக்கினாள்.